சொந்தமாகக் கட்டிய விமானத்தில் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்: எங்கே ஒட்டுவது, ஒட்டியபின் எதையெல்லாம் மாற்றுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சொந்தப் பட்டறையில் கட்டிய இரண்டு பேர் அமரும் அலுமினிய விமானம், இறக்கை மேலே. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நாண் நீளம் இறக்கை முழுக்க ஒரே சீராக 1.4 மீட்டர். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்) இறக்காமல் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், 45 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஓடுபாதை குட்டை. வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் (இறக்கையின் மேல் ஒட்டும், காற்றில் சுழல் கிளப்பும் சின்னத் தகடு) ஒட்டலாமா, ஒட்டினால் எங்கே, எந்த உயரத்தில், எத்தனை, ஸ்டால் வேகம் எவ்வளவு குறையும், பயண வேகத்தில் எவ்வளவு இழப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டலாம். உங்கள் விமானம் அதற்கு நன்றாகவே ஒத்துவரும் வகைதான். ஆனால் எங்கே ஒட்டுவது என்பது இந்த வேலையில் சுலபமான பாதி. ஒட்டி முடித்ததும் விமானத்தின் குணத்தில் மாறுகிற மற்ற விஷயங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்குக் கவலை அங்கேதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தச் சின்னத் தகடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று உராய்வினால் வேகம் இழந்து மெல்லிய படலமாக நகர்கிறது. அதுதான் எல்லைப்படலம். மூக்கைத் தூக்கத் தூக்க, இறக்கையின் பின்பகுதியில் அழுத்தம் ஏறுகிறது. வேகம் இழந்த அந்தப் படலத்தால் அழுத்தத்தை எதிர்த்துப் போக முடியாமல் ஒரு கட்டத்தில் பரப்பை விட்டுப் பிரிகிறது. அதைத்தான் ஸ்டால் என்கிறோம். காற்றோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிற்கும் ஒரு குட்டித் தகட்டை அதற்கு முன்னால் வைத்தால், அதன் மேல்நுனியிலிருந்து ஒரு சுழல் கிளம்பிப் பின்னோக்கி ஓடும். அது மேலே வேகமாகப் போகும் காற்றைக் கீழே இழுத்துக் களைத்த படலத்தோடு கலக்கிறது. படலத்துக்குத் தெம்பு வருகிறது, இன்னும் சில டிகிரி வரை பரப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் எச். டி. டெய்லர் இதை ஆராய்ந்தபோது நோக்கம் இறக்கைகூட அல்ல. விரிந்துகொண்டே போகும் காற்றுக்குழாயின் சுவரிலிருந்து ஓட்டம் பிரியாமல் தடுப்பதுதான். பிறகு ஏ-4 ஸ்கைஹாக் போர் விமானம், போயிங் 737 பயணிகள் விமானம் வரை போய்ச் சேர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே தாக்கு கோணத்தில் (வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம்) ஒப்பிட்டால் தகடு ஒட்டிய இறக்கைக்கும் ஒட்டாத இறக்கைக்கும் தூக்குவிசையில் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்பு ஸ்டால் ஆன கோணத்தைத் தாண்டியும் ஏறுவதற்கு அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வாங்குவது கோணம். ஆகவே கோணத்தைச் சார்ந்து எதுவெல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறதோ, வால், சக்கர அமைப்பு, ஸ்டால் எச்சரிக்கை, வேகக் குறியீடுகள், அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு வருகிறேன். ஸ்டால் வேகம் அதிகபட்சத் தூக்குக்கெழுவின் (இறக்கை எவ்வளவு தூக்கக்கூடியது என்பதைச் சொல்லும் எண்) வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். தூக்குக்கெழு 20 சதவீதம் கூடினால் உங்கள் 45 நாட் 41 ஆகும். 10 சதவீதம்தான் கூடியது என்றால் 43. அதற்கு மேல் யாராவது 10 நாட், 12 நாட் குறைந்தது என்று சொன்னால் அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை; அவர்களுடைய வேகமானி சொல்வதைச் சொல்கிறார்கள். மூக்கு அதிகம் தூக்கியிருக்கும்போது வேகமானிக்கு எதிர்க்காற்றின் அழுத்தத்தைத் தரும் பிட்டோ குழாய்க்குள் காற்று சாய்வாக நுழைகிறது, சுற்றுக் காற்றின் அழுத்தத்தைத் தரும் ஸ்டாட்டிக் துளையின் அழுத்தமும் மாறுகிறது, முள் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது. தகடு ஒட்டியபின் கோணம் இன்னும் கூடுவதால் பிழையும் கூடுகிறது. எனவே ஒட்டுவதற்கு முன்னும் பின்னும், அதே எடையில், அதே ஈர்ப்பு மையத்தில், காற்று அமைதியாக இருக்கும் காலையில், ஸ்டாலுக்குச் சற்று மேலான ஒரு நிலையான வேகத்தில் மூன்று திசைகளில் பறந்து ஜிபிஎஸ் வேகங்களைக் கொண்டு கணக்கிடுங்கள். பலன் 3, 4 நாட் என்று வந்தால் ஏமாற்றம் வேண்டாம். தரையிறங்கும்போது பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 45 இலிருந்து 41க்கு வந்தால் அது 17 சதவீதம் குறைகிறது. குட்டை ஓடுபாதையில் அது பெரிய விஷயம்.

இப்போது எங்கே ஒட்டுவது. உங்கள் இறக்கை போல முன்விளிம்பு உருண்டு, தடிமனாக இருக்கும் வெட்டுத்தோற்றங்களில் பிரிவு பின்விளிம்பில் தொடங்கி மெல்ல முன்னோக்கி ஊர்ந்து வரும். இவற்றுக்கு முன்விளிம்பிலிருந்து நாணின் 7 முதல் 10 சதவீதத்தில் தகட்டு வரிசையை வைப்பது வழக்கம். உங்களுக்கு அது சுமார் 100 முதல் 140 மிமீ. மெல்லிய, கூர்மையான முன்விளிம்பு உள்ள இறக்கைகளில் ஓட்டம் முன்விளிம்பிலேயே சட்டென்று பிரிந்துவிடும். அங்கே 10 சதவீதத்தில் தகடு வைப்பது வெள்ளம் போனபின் அணை கட்டுவது போல. லாமினார் வகை இறக்கை என்றால் இன்னொரு சங்கடம். நாணில் பாதி தூரம் வரை வழுவழுவென்று ஓட வேண்டிய காற்றை முன்னாலேயே கலக்கிவிட்டால், அந்த இறக்கையை எதற்காகத் தேர்ந்தெடுத்தோமோ அந்தப் பலனே பறிபோகும். அப்படிப்பட்ட விமானம் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் இறக்கை எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். கம்பளி நூலை 60, 70 மிமீ துண்டுகளாக வெட்டி, இறக்கையின் நிறத்துக்கு எதிரான நிறத்தில், ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டி, மேற்பரப்பு முழுக்க ஒரு சாண் இடைவெளியில் வரிசைகளாக வையுங்கள். சின்ன கேமராவை வாலின் பக்கவாட்டிலோ இறக்கை நுனியிலோ பொருத்தி, நல்ல உயரத்தில் மெதுவாக ஸ்டாலுக்குள் போங்கள். படத்தை நிதானமாக ஓட்டிப் பார்த்தால், முதலில் பின்விளிம்பு நூல்கள் பக்கவாட்டில் நடுங்கும், பிறகு ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திரும்பி முன்னோக்கிப் படுத்துக்கொள்ளும், அந்த எல்லை முன்னோக்கி நகரும். இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் (இனி இதை அடிப்பகுதி என்கிறேன்) இது முதலில் தொடங்குகிறதா, ஏலரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கை நுனிப்பக்க மடல்) முன்னால் தொடங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் கையில் இல்லாமல் ஒரு தகடுகூட ஒட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பிறகு ஒப்பிடுவதற்கு உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

தகட்டின் உயரம் எல்லைப்படலத்தின் தடிமனை ஒட்டி இருக்க வேண்டும். 40 நாட் அளவில், முன்விளிம்பிலிருந்து 140 மிமீ தள்ளி, ஓட்டம் வழுவழுப்பாக இருந்தால் படலம் ஒன்றரை மிமீ, கலங்கிய ஓட்டமாக இருந்தால் 4, 5 மிமீ என்று தட்டைப் பலகைக் கணக்கு சொல்கிறது. சிறு விமானங்களில் 6 முதல் 8 மிமீ உயரம் வைப்பதற்கு இதுதான் காரணம்: படலத்தைத் தாண்டிக் கொஞ்சம் தலை நீட்டினால் போதும். அதைவிட உயரமாக வைத்தால் இழுவைதான் கூடும். நீளம் உயரத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. காற்றோட்டத்துக்குச் சாய்வு 15 டிகிரியை ஒட்டி; 20ஐத் தாண்டினால் தகடே ஸ்டால் ஆகத் தொடங்கும். ஜோடி ஜோடியாக, முன்முனைகள் நெருங்கியும் பின்முனைகள் விலகியும் இருக்கும்படி வைத்தால், இரண்டு சுழல்களும் எதிரெதிராகச் சுழன்று நடுவில் காற்றைக் கீழ்நோக்கி அழுத்தும். நமக்கு வேண்டியது அதுதான். ஜோடிக்கு ஜோடி 80 முதல் 100 மிமீ.

எத்தனை என்றால், எடுத்த எடுப்பில் முழு இறக்கைக்கும் ஒட்ட வேண்டாம். ஏலரானுக்கு முன்னால் உள்ள வெளிப்பாதியில் மட்டும் தொடங்குங்கள். ஒரு பக்கம் 4 மீட்டர் என்று வைத்தால், இருபது, இருபத்தைந்து ஜோடி. இப்படிச் செய்தால் இறக்கையின் அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகும். கலங்கிய காற்று வாலைத் தட்டி உங்களை எச்சரிக்கும். அந்த நேரத்திலும் ஏலரான் கைக்கு அடங்கும். என் மதிப்பீட்டில், ஸ்டால் வேகம் குறைவதைவிட இதுதான் பெரிய லாபம்: இறங்கும் கடைசி நொடிகளில் ஒரு பக்கம் சாயும் இறக்கையைத் தூக்கி நிறுத்த முடிவது. அடிப்பகுதிக்கும் சேர்த்து ஒட்டினால் இன்னும் ஒன்றிரண்டு நாட் கிடைக்கலாம், ஆனால் முழு இறக்கையும் ஒரே நேரத்தில் பிடியை விடும் வாய்ப்பும் வருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் மூக்கு விழுவதும், ஒரு பக்கம் உருள்வதும், சுழன்றபடி கீழே விழும் ஸ்பின்னும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. உங்கள் விமானத்தின் வடிவமைப்பாளர் அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆவதற்காக அதன் முன்விளிம்பில் முக்கோணப் பட்டை வைத்திருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.

ஒட்டும் வேலைக்கு அவசரம் ஆகாது. இறக்கையின் முன்விளிம்பு எங்கே என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல், ஒரு ரிவெட் வரிசையை ஆதாரமாக எடுத்துச் சாக்பீஸ் தூள் தடவிய நூலால் நீளமாகக் கோடு போடுங்கள். ஒரு ஜோடிக்கான கோணமும் இடைவெளியும் வெட்டப்பட்ட பிளாஸ்டிக் அச்சு ஒன்று செய்து, ஒரு இறக்கையில் வைத்துக் குறித்தபின் அதையே மறு இறக்கைக்கும் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும். அலுமினிய எல் கோணத்தை வெட்டித் தகடு செய்யலாம், ஆனால் விளிம்புகளை அரம் போட்டு மழுக்குங்கள், இல்லையென்றால் இறக்கையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கை கிழியும். பாலிகார்பனேட் தகடு இன்னும் சௌகரியம். முதல் சுற்றுக்கு இரட்டைப் பக்க அக்ரிலிக் ஃபோம் டேப் போதும். மெழுகு பூசியிருந்தால் கரைப்பானால் அதை நீக்கி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, விரலால் தொடாமல் ஒட்டி, ஒவ்வொன்றையும் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அந்த டேப்புக்கு முழுப் பிடிமானம் வர மூன்று நாள் ஆகும், அன்றே பறக்க வேண்டாம். பிறகு எடுக்க நினைத்தால் முடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி, மீன்பிடி நரம்பை அடியில் கொடுத்து அறுத்தால் பெயின்ட் உரியாமல் வரும். துணி போர்த்திய இறக்கையில் இது எல்லாம் இன்னும் மென்மையாகச் செய்ய வேண்டிய வேலை. அங்கே தகடு ஒட்டியிருப்பது துணியில் அல்ல, பூச்சில்.

அடுத்து வால். இறக்கை முன்பைவிட மூன்று, நான்கு டிகிரி அதிகம் தூக்க முடிகிறது என்றால், அந்தக் கோணத்துக்கு அதைக் கொண்டுபோவது யார்? மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டர்தான். ஸ்டிக்கை முழுக்க இழுத்தும் மூக்கு அதற்கு மேல் ஏறாவிட்டால், ஒட்டிய தகடுகள் வேலை செய்ய வாய்ப்பே கிடைக்காது. முன்பாரம் அதிகமாக, ஃபிளாப் இறக்கிய நிலையில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். கிடைமட்ட வால் கீழ்நோக்கி விசை தருகிறது, அதாவது அது தலைகீழான இறக்கை. எனவே அதற்குத் தகடு தேவைப்பட்டால் அடிப்பக்கத்தில், எலிவேட்டர் கீலுக்கு முன்னால் ஒட்ட வேண்டும். ஜெனித் சிஎச் 701 என்ற சிறு விமானத்தைக் கட்டியவர்கள் பலர், இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால் நிற்கும் ஸ்லாட் (slat) பட்டைகளைக் கழற்றிவிட்டு இறக்கைக்குத் தகடு ஒட்டியபோது வாலின் அடியிலும் ஒட்டியதற்குக் காரணம் இதுதான். இறக்கையைவிட வால் முதலில் ஸ்டால் ஆனால் தரைக்கு அருகில் மூக்கு கீழே குத்தும், இழுத்தாலும் திரும்பாது. ஆகவே வாலிலும் நூல் ஒட்டிப் படம் எடுங்கள்.

கனார்டு விமானம் (சிறிய இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால் உள்ளது) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கட்டும். கனார்டில் முன்னால் உள்ள சிறிய இறக்கை முதலில் ஸ்டால் ஆகி மூக்கு தாழ்வதுதான் முழுப் பாதுகாப்பும். லாங்-ஈசீ வகையின் பழைய கனார்டு இறக்கைகள் மழையில் தூக்குவிசை இழந்ததால் அவற்றுக்குத் தகடு ஒட்டியவர்கள் உண்டு. 1986இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜரின் கனார்டிலும் இருந்தது. அங்கே இழந்த தூக்குவிசையை மீட்பதுதான் நோக்கம். அதற்கு மேல் போய் முன்னிறக்கை பின்னிறக்கையைவிடத் தாமதமாக ஸ்டால் ஆகும்படி செய்துவிட்டால், வெளியே வர முடியாத ஆழ்ஸ்டால் காத்திருக்கிறது.

இப்போது எல்லோரும் தவறவிடும் இடம். திடீரென ஸ்டிக்கை முழுக்க இழுத்தால்கூட அமைப்பு உடையாத அதிகபட்ச வேகம் ஒன்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கும், திருப்பு வேகம் என்பார்கள். ஸ்டால் வேகத்தை எல்லைச் சுமையின் (எடையைப் போல எத்தனை மடங்கு, அதாவது எத்தனை ஜி, தாங்கும் என்பது) வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது அது. 3.8 ஜி எல்லை, 45 நாட் ஸ்டால் என்றால் 88 நாட். அந்த வேகத்துக்குக் கீழே இறக்கை 3.8 ஜியை எட்டும் முன் ஸ்டால் ஆகிவிடும், ஸ்டாலே உங்களுக்குக் காப்பு. தகடு ஒட்டி ஸ்டால் 41 ஆனபின் அதே 88 நாட்டில் இறக்கையால் 4.6 ஜி வரை இழுக்க முடியும். காப்பு போய்விட்டது. புதிய திருப்பு வேகம் 80 நாட். கொந்தளிப்பான காற்றில் 85இல் போய்க்கொண்டு, குறியீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று நம்புவது ஆபத்து. ஸ்டால் குறைந்தது என்று மகிழ்ந்து வேகமானியில் வழக்கமான வேகங்களைக் காட்டும் பச்சை வளைவின் தொடக்கத்தை மட்டும் நகர்த்துகிறவர்களைப் பார்க்கிறேன். இந்த எண்ணையும் பலகையில் மாற்றி எழுதுங்கள். அதே காரணத்தால், தகடு ஒட்டியதால் அதிகச் சுமை ஏற்றலாம் என்ற முடிவுக்கும் வராதீர்கள். தூக்குவிசை கூடலாம், இறக்கையைத் தாங்கும் உத்திரமான ஸ்பாரின் வலிமை கூடவில்லை.

ஸ்டால் எச்சரிக்கையும் அளவு தவறும். முன்விளிம்பில் உள்ள நாக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒலிக்கும்படி வைக்கப்பட்டது. இப்போது ஸ்டால் கோணம் தள்ளிப்போனதால் அது ரொம்ப முன்னாலேயே கத்தும். எப்போதும் கத்தும் எச்சரிக்கையைக் காது கேட்காமல் விட்டுவிடும், ஆகவே அதையும், தாக்கு கோணத்தைக் காட்டும் கருவி இருந்தால் அதையும் புதிதாக அளவு பாருங்கள்.

வால்சக்கர விமானமானால் தரையில் மூன்று புள்ளியில் நிற்கும் கோணத்தைப் பாகைமானியால் அளந்து பாருங்கள். அது 12 டிகிரி, இறக்கை ஸ்டால் ஆவது 18இல் என்றால், வால்சக்கரம் முதலில் தரையைத் தொடாமல் அந்த 18ஐப் பயன்படுத்த முடியாது. மூக்குச்சக்கர விமானத்தில் அதேபோல் வாலின் அடிப்பகுதி தட்டும். மெதுவாக அணுகும்போது தூண்டல் இழுவையும் (தூக்குவிசை உண்டாக்குவதால் வரும் இழுவை) அதிகம்; எஞ்சினைக் குறைத்தால் விமானம் மிதக்காமல் அமிழும், ஃப்ளேருக்கு (தரை தொடும் முன் மூக்கைத் தூக்குவது) வேகம் மிச்சம் இருக்காது. முன்பு 1.3 மடங்கு ஸ்டால் வேகத்தில் வந்த பழக்கத்தைப் புதிய எண்ணுக்கு உடனே மாற்றாமல், ஒவ்வொரு முறை 2 நாட் குறைத்துப் பழகுங்கள், எஞ்சினில் கை இருக்கட்டும்.

பறப்புச் சோதனை என்று தனியாகச் சொல்வதற்குக் கொஞ்சம்தான். நல்ல உயரம், பாராசூட், தனியாக, முதலில் முன்பாரம், பிறகு படிப்படியாகப் பின்பாரம். நேரான ஸ்டால், ஃபிளாப்போடு, எஞ்சினோடு, திரும்பும்போது. சட்டப்படியும் இதை முறையாகச் செய்தாக வேண்டும்: பறப்புக் குணத்தை மாற்றும் எதையும் பெரும்பாலான நாடுகளின் விதிகள் பெரிய மாற்றமாகவே பார்க்கின்றன. அமெரிக்காவில் சோதனை வகை விமானங்களின் இயக்க நிபந்தனைகள் பெரிய மாற்றத்துக்குப் பின் மறுபடி சோதனைக் கட்டத்துக்குப் போகச் சொல்கின்றன. உங்கள் விமானத்துக்குப் பொருந்தும் நிபந்தனைத் தாளைப் படித்து, ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசி, பதிவேட்டில் புதிய எண்களை எழுதுங்கள்.

பயண வேகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பியும் வெளியே தெரியும் சக்கரங்களும் உள்ள விமானத்தில் இழப்பு ஒன்றிரண்டு நாட்டுக்குள் இருக்கும், அதை அளப்பதே சிரமம். அதைவிட நடைமுறைத் தொந்தரவு வேறு: இறக்கை உறை தகடுகளில் மாட்டிக் கிழியும், பனி படிந்தால் துடைத்து எடுப்பது கடினம். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் வரிசையின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள், ஆடுகிறதா, டேப்பின் ஓரம் எழும்புகிறதா என்று. ஒன்று விழுந்துவிட்டால் மறு இறக்கையிலும் அதே இடத்தில் உள்ளதை எடுத்துவிட்டுப் பறப்பதே நல்லது. அடுத்தடுத்து இரண்டு, மூன்று காணோம் என்றால் ஒட்டி, பிடிமானம் வந்தபின் பறங்கள். அச்சையும் கூடுதலாகப் பத்துத் தகடுகளையும் ஹேங்கரில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.